‘நிறையவே இல்லை’ என்றால் டேங்கில் கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘செப்டிக் டேங்க் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்ற செய்தியில் ஊர்ப்பெயரும் வயதும் மாறுகின்றன, மற்ற வரிகள் அப்படியே இருக்கின்றன. ஒரு கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருப்பதில்லை: லாரி வைத்து உறிஞ்ச வேண்டிய வேலைக்கு ஆள் ஏன் இறங்கினார்?

பல வீடுகளில் காரணம் இதுதான். டேங்கைப் பத்துப் பதினைந்து வருஷமாகத் திறக்கவே இல்லை. அடியில் படிந்த கசடு களிமண்ணாக இறுகிப்போயிருக்கிறது. லாரிக் குழாய் மேலே நின்ற தண்ணீரை இழுத்து முடித்துவிட்டுக் கசட்டில் திணறுகிறது. ‘கொஞ்சம் இறங்கிக் கிளறிவிட்டா வந்துடும்’ என்கிறார் யாரோ ஒருவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற டேங்கில் கசடு கூழாக இருக்கும். குழாயே இழுத்துக்கொள்ளும், யாரும் இறங்க வேண்டியிருக்காது. ஆகவே டேங்கைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

‘எங்க வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு, டேங்க் நிறையவே இல்ல’ என்று பெருமையாகச் சொல்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். செப்டிக் டேங்க் என்பது எப்போதும் நிறைந்தே இருக்கவேண்டிய தொட்டி. புழங்க ஆரம்பித்துச் சில நாட்களில் வெளியேறும் குழாயின் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். அதன்பிறகு உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே போகும். நாளாக ஆக நிறைவது அடியில் தங்கும் கசடும், மேலே பால் ஆடை போலக் கட்டும் ஏடும்தான். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தெளிந்த நீர்தான் வெளியே போகவேண்டியது. கசடு ஏறி, ஏடு தடித்து, நடுவில் இடம் குறைந்துபோனால் வருகிற மலம் படிய நேரமே இல்லாமல் நேராக, வெளியேறும் நீர் மண்ணில் ஊறவேண்டிய உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். அப்போதும் டேங்க் பொங்காது. வீட்டுக்காரருக்கு எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி என்றால் 96 கன அடி, அதாவது சுமார் 2,700 லிட்டர். ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 40 முதல் 75 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்கு 200 முதல் 375 லிட்டர். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 900 லிட்டர், கசடு ஏறினால் எடுத்துவிட வேண்டும். இரண்டரை வருஷத்திலிருந்து நாலரை வருஷத்துக்குள் அது வந்துவிடும். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலை ஐந்து பேருக்குச் சொல்லும் அளவுகளில் ஒன்று 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீராழம். அது 1,200 லிட்டர்கூட இல்லை, அதற்கு இரண்டு வருஷமே அதிகம். கணக்கு இப்படி இருக்க, இருபது வருஷம் நிறையாத டேங்க் எங்கே போட்டது கசட்டை? அடித்தளம் போடாமல் சிமெண்ட் உறை மட்டும் இறக்கி மேலே ஸ்லாப் மூடியிருந்தால் நிலத்தடி நீருக்குப் போயிருக்கும். இல்லையென்றால் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கும்.

எது என்று தெரிந்துகொள்ள, நடுத்தடுப்புக்கு அப்பால் வெளியேறும் குழாய் இருக்கிற இரண்டாவது அறையின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தால் போதும். வெளியேறும் குழாயின் கீழ் உதட்டுக்குச் சமமாகத் தண்ணீர் நிற்கவேண்டும். அண்மையில் லாரி வந்து எடுக்காமலேயே மட்டம் அதற்குக் கீழே இருந்தால் டேங்க் ஒழுகுகிறது. சரியான மட்டத்தில் நின்றும் கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு டேங்குக்கு முன்னால், வழியிலுள்ள சேம்பர் தொட்டியிலோ, உள்வரும் குழாயின் நுனியில் மாட்டும் T வடிவ ‘டீ’யிலோ இருக்கிறது. பிளம்பர் கம்பி விட்டால் முடிந்தது, லாரிக்குக் காசு தண்டம். குழாய்க்கு மேலே தண்ணீர் ஏறி நின்றால் உறிஞ்சுகுழி அடைத்திருக்கிறது, அல்லது வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது.

இந்தக் கடைசி நிலையில்தான் ஊரே ஏமாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து உறிஞ்சுகுழி மூழ்கிவிடும். தண்ணீர் போக இடமில்லாமல் டேங்க் ஏறும். ‘டேங்க் ரொம்பிடுச்சு’ என்று லாரியைக் கூப்பிடுவார்கள். 2,700 லிட்டரை எடுத்துவிட்டுப் போவார்கள். குளியல் தண்ணீரும் டேங்குக்கே விட்டிருக்கும் ஐந்து பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 500 லிட்டர் இறங்கும் என்றால் ஐந்தாறு நாளில் பழைய கதை. சுவரில் கசிவும் இருந்தால் ஒரே இரவில் ஊற்றுத் தண்ணீரே நிரப்பிவிடும். அந்த மாதங்களில் செய்யக்கூடியது தண்ணீரைக் குறைப்பதுதான். வாஷிங் மெஷின், குளியலறைக் குழாய்களைத் தனியாகப் பிரித்துத் தோட்டத்துக்கு விடலாம். ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்கலாம். ஃப்ளஷ் தொட்டியில் பத்துச் சொட்டு நீலத்தை விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டரை டேங்குக்குள் தள்ளும். மொட்டைமாடி மழைநீரை டேங்கில் விட்டிருக்கும் வீடுகளைப் பற்றி என்ன சொல்ல!

கசடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க எட்டடி மூங்கிலோ முக்கால் அங்குல பி.வி.சி. குழாயோ போதும். பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை அதன் கீழ் நான்கு அடிக்குச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டுங்கள். முதல் அறையின் மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொண்டு, கழியைத் தரை தட்டும்வரை மெதுவாக இறக்குங்கள். மூன்று நிமிஷம் அப்படியே பிடித்துவிட்டுச் சுழற்றாமல் தூக்கினால் துண்டில் கோடு போட்டதுபோலத் தெரியும். கசடு இருந்த உயரம் வரை கருப்புத் துகள் அப்பியிருக்கும், அதற்கு மேலே வெறும் பழுப்பு ஈரம். நான்கடி நீராழத்தில் கருப்பு 16 அங்குலத்தைத் தொட்டால் லாரிக்குச் சொல்லவேண்டிய நேரம். இரண்டாவது அறையிலும் அரை அடிக்கு மேல் இருந்தால் தாமதமாகிவிட்டது.

ஏட்டை அளக்க இன்னொரு கழியின் நுனியில் ஆறு அங்குலப் பலகையைக் குறுக்கே அடித்து, ஏட்டைக் குத்தி இறக்கி, மெதுவாக மேலே இழுத்தால் ஏட்டின் அடி கைக்குத் தட்டும். இதை வெளியேறும் ‘டீ’ இருக்கிற அறையில் பாருங்கள். ஏட்டின் அடிக்கும் ‘டீ’யின் கீழ் நுனிக்கும் 3 அங்குலத்துக்குக் குறைவாக இடைவெளி இருந்தால் கசடு குறைவாக இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது. இரண்டு பேர் இருந்து செய்யவேண்டிய வேலை. கையுறை வேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது, பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும், தலையை உள்ளே நீட்டிப் பார்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

எடுக்க ஏற்ற காலம் மாசியிலிருந்து ஆடி வரை. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது டேங்கைக் காலி செய்தால் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் செங்கல் சுவர் உட்பக்கம் பிளக்கலாம். பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் மண்ணை விட்டு மேலே மிதந்தே வந்துவிடும். எடுத்து முடித்த கையோடு பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பிவிடுவது எந்தக் காலத்திலும் நல்லது.

லாரி வந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள், நின்று பாருங்கள். இரண்டு மூடியையும் திறக்கச் சொல்ல வேண்டும். கைக்கு எட்டும் இரண்டாவது அறையில் குழாயைப் போட்டுத் தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு ‘முடிஞ்சிடுச்சு’ என்று கிளம்புவது வழக்கமான ஏமாற்று. கசடு முக்கால்வாசி முதல் அறையில்தான் இருக்கும். ஏட்டை நீளக் கழியால் உடைத்து, இழுத்த நீரில் கொஞ்சத்தை அதே குழாய் வழியாக வேகமாகத் திருப்பி அடித்துக் கலக்கி, மறுபடி உறிஞ்சினால் கூழாகக் கரைந்து வரும். இதெல்லாம் மேலே நின்றபடியே நடக்கவேண்டியது. தரை பளிச்சென்று தெரிய வேண்டியதில்லை. ஓர் அங்குலக் கசட்டை விட்டுவைத்தால் அதிலிருக்கும் பாக்டீரியா மறுபடி பெருகும். எடுத்தபின் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடும் ‘உபசாரம்’ வேண்டாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று டிரைவரைக் கேளுங்கள். ஏரிக்கரையும் வயல் வாய்க்காலும் பதிலாக இருக்கக் கூடாது. தமிழக நகராட்சி நிர்வாகத் துறை 2014-லேயே இதற்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் கசட்டுக்கென்றே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. திருச்சியில் கழிவுநீரேற்று நிலையங்களில் இறக்கினால் பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். உரிமம் பெற்ற லாரி வேண்டுமென்றால் 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

பொடிகளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஒரு பாக்கெட் போட்டால் பத்து வருஷத்துக்கு லாரி வேண்டாம் என்று விற்கிறார்கள். டேங்குக்கு வேண்டிய பாக்டீரியா மலத்திலேயே கோடிக்கணக்கில் வருகிறது. எந்தப் பொடியும் மண்ணையும் மயிரையும் நெகிழித் துணுக்கையும் கரைக்காது. புது டேங்க் என்றால் தண்ணீர் நிரப்பி, பழைய டேங்க் கசடு ஒரு வாளி ஊற்றினால் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும், ஊற்றாவிட்டாலும் கெட்டுப்போகாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் பினாயிலும் வாரத்துக்கு இரண்டு மூடி அளவில் பெரிய கேடில்லை. ஒரே நாளில் பாட்டில் பாட்டிலாகக் கொட்டுவதுதான் கெடுதல். நாப்கின், டயபர், ஈர டிஷ்யூ, சமையலறை எண்ணெய் இவை எதுவும் உள்ளே போகக்கூடாது. பாத்திரம் கழுவும் தண்ணீரை டேங்கில் விட்டே ஆகவேண்டும் என்றால் நடுவே எண்ணெய் தேங்க ஒரு சிறு தொட்டி வைத்து மாதமொருமுறை வழித்தெடுங்கள்.

கட்டும்போதே நடக்கும் தவறுகள் தனி ரகம். வெளியேறும் இடத்தில் ‘டீ’ வைக்காமல் குழாயைச் சுவரில் நேராகச் சொருகிவிடுகிறார்கள், ஏடு அப்படியே வழிந்து உறிஞ்சுகுழிக்குப் போகிறது. ‘டீ’யின் கீழ்க்கை நீருக்குள் ஓர் அடிக்குக் குறையாமல் இறங்கவேண்டும். மேற்கை நீர்மட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே வாய் திறந்து நிற்கவேண்டும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 5 சென்டிமீட்டர் தாழ்வாக இருப்பது முறை. நடுத்தடுப்பு, உள்வரும் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் வரவேண்டும், அதன் துளை நடு ஆழத்தில் இருக்கவேண்டும். மேஸ்திரிகள் கட்ட வசதியாகத் தரையோடு ஒரு செங்கல்லை விட்டுவிடுகிறார்கள். கசடு அதன் வழியே உருண்டு அடுத்த அறைக்குப் போனால் தடுப்பு எதற்கு? ஸ்லாப் போடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, முதல் நாள் சுவர் குடிக்க விட்டு, இரண்டாம் நாள் மட்டத்தில் கோடு கிழித்து, மூன்றாம் நாள் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் பூச்சைப் பெயர்த்து மறுபடி பூசச் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். மூடி ஒவ்வோர் அறைக்கும் ஒன்று, 18 அங்குலத்துக்கு 24 அங்குலம். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்கள் அடுத்த முறை சம்மட்டியோடு வரவேண்டியிருக்கும்.

ஏர் பைப் 2 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, வீட்டை ஒட்டிய டேங்காக இருந்தால் மாடிக்கு மேல் 2 மீட்டர் உயரவேண்டும். முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே முடித்துவிட்டு ‘நாத்தம்’ என்று சொல்லித் துணி அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் வாயு கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் வரும். நுனியில் இரும்பு வலை ஒரே வருஷத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டி ஆண்டுதோறும் மாற்றுங்கள். அந்தியில் கடிக்கும் பெரிய கருப்புக் கொசு வீட்டைச் சுற்றி இருந்தால் முதலில் இந்த வலையையும் மூடி விளிம்பையும் பார்க்கவேண்டும். மூடி விளிம்பில் சிமெண்டுக்குப் பதில் மண்ணோடு சுண்ணாம்பு குழைத்துப் பூசினால் அடுத்த முறை பெயர்ப்பது சுலபம்.

கிணறு, போர்வெல்லிலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டர், அதாவது 60 அடி, தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. முப்பதுக்கு நாற்பது அடி அரை கிரவுண்ட் மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான் வரும்! போதாததற்கு வாஸ்து. எல்லாரும் போரை ஈசானிய மூலையிலும் டேங்கை வாயு மூலையிலும் வைக்கிறார்கள். என் வடகிழக்கு மூலை கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலையோடு ஒட்டுகிறது. ஆக, வரிசையாக எல்லா வீட்டிலும் ஒருவர் போர், அடுத்தவர் டேங்க் என்று பத்தடியில் நிற்கின்றன. மனையடி சாஸ்திரத்தோடு மதில் சுவருக்கு அந்தப் பக்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போர் போடுவது உத்தமம். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் போர் துளைக்குள் இறக்கிய கேசிங் குழாயைச் சுற்றி மேல்மட்ட இடைவெளியைச் சிமெண்ட் கூழால் அடைப்பதும், அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதும்தான் வழி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

கடைசியாக, இறங்குவதைப் பற்றி. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்பது அந்த நேரம்தான். விளக்கை இறக்கிப் பார்ப்பது பிராணவாயு குறைவதை மட்டும் காட்டும், இந்த விஷத்தைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். கசட்டைக் கிளறும்போது அதில் சிக்கியிருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்புவதால், இறங்கிய முதல் சில நிமிஷம் நன்றாக இருந்தவர்கூடத் திடீரென்று சரிவார். காப்பாற்றக் குதிக்கும் அடுத்தவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கப்போகிறார். 101-க்கோ 112-க்கோ சொல்லிவிட்டு மேலே நிற்பது கல்நெஞ்சம் அல்ல. மலமே பார்க்காத புது டேங்கிலும் இது நடக்கிறது. ஸ்லாப் போட்டு மூன்று வாரம் மூடிக் கிடந்து, ஸ்லாப்புக்கு முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். ஈர மரமும் தேங்கிய தண்ணீரும் மக்கும்போது உள்ளே இருந்த பிராணவாயுவைத் தின்றுவிடும். இரண்டு மூடியும் திறந்து, ஊதும் மின்விசிறியால் காற்றடித்து, வாயு அளவுமானியில் பார்த்தபின், இடுப்புக் கயிறும் மேலே ஆளும் இருந்தால் மட்டுமே அந்த வேலை. இதைவிட நல்லது, மேலே தூக்கிவைக்கிற மாதிரிப் பலகை ஸ்லாப்புகளைத் தனியே வார்த்துப் போடுவது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை டேங்கில் இறக்குவது குற்றம். முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கு மட்டுமல்ல, கூலி பேசி ஆளைக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். உயிர்போனால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ‘அவரே வந்து இறங்குறேன்னு சொன்னார்’ என்பது காவல் நிலையத்தில் எடுபடாது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு செய்தி வரும்போது, அந்த டேங்கைக் கடைசியாக லாரி எடுத்தது எந்த வருஷம், இறங்கச் சொன்னது யார் என்ற இரண்டையும் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி.